3.3-ஐ விட்டு 2.5-க்குப் போவதா?

கேள்வி: புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து கொடுப்பது என் தொழில். பத்து ஆண்டுகளாக ஒரே டெஸ்க்டாப்தான். இன்டெல் ஐ5-4590 பிராசசர், 3.3 கிகாஹெர்ட்ஸ், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக, 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் இயக்கினால் வேலையில் உட்கார ஏழெட்டு நிமிடங்கள் ஆகின்றன. 400 பக்கப் புத்தகம் ஒன்றைப் பிடிஎஃப் ஆக்க ஆறு நிமிடம் எடுக்கிறது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பிராசசர் 28 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மீதி 72 சதவீதம் ஏன் சும்மா இருக்கிறது? கணினி விற்பவர் ஐ5-12400-க்கு மாறச் சொல்கிறார். அதன் விவரக்குறிப்பில் 2.5 கிகாஹெர்ட்ஸ் என்றிருக்கிறது. காசையும் கொடுத்து வேகத்தையும் குறைத்துக்கொள்வதா? இன்னொருவர், பயன்படுத்திய ஐ7-4790 தருகிறேன், 3.6 கிகாஹெர்ட்ஸ், உங்கள் போர்டிலேயே பொருந்தும், நான்கு கோருக்கும் சேர்த்து 14.4 கிகாஹெர்ட்ஸ் என்கிறார். யார் சொல்வது சரி? பழைய கேபினெட்டையும் பவர் சப்ளையையும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

முதலில் அந்த 14.4-ஐ முடித்துவிடுவோம். நான்கு பேர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், அந்தக் கூட்டம் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று யாரும் சொல்வதில்லை. கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. கோர்களின் எண்ணிக்கையால் கிகாஹெர்ட்ஸைப் பெருக்கிச் சொல்பவர் தெரியாமல் சொல்லியிருக்கலாம், தெரிந்தே சொல்லியிருக்கவும் கூடும். எப்படியானாலும் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது.

உங்கள் உண்மையான கேள்வி வேறு. 3.3 பெரியதா, 2.5 பெரியதா? இதைக் கேட்டதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் இருந்துகொண்டே நான் இதில் சறுக்கியிருக்கிறேன். 2006-இல் என் மேசையில் இருந்தது 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4. நண்பர் ஒருவர் 1.86 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ வாங்கப் போவதாகச் சொன்னபோது, வீண் செலவு என்று அரை மணி நேரம் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்து என் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்தார். ஒரே கோப்புறையை இரண்டிலும் சுருக்கிப் பார்த்தோம். அவருடையது முடிந்து, அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் என்னுடையது ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு என் கணினியின் விசிறிச் சத்தத்தை வேறு கேலி செய்தார்.

அந்தத் தோல்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2000 மார்ச்சில் ஏஎம்டியும் இன்டெலும் இரண்டு நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டன. அதன் பிறகு விளம்பரம் முழுக்க அந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான். பென்டியம் 4 அந்தப் போட்டிக்காகவே பிறந்தது என்று சொல்லலாம். ஒரு கட்டளையை மிகச் சிறிய படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் சீக்கிரம் முடியும், கடிகாரத்தை வேகமாக ஓட்டலாம். அதன் பிற்கால வகை ஒன்றில் 31 படிகள் இருந்தன. அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று பிராசசர் முன்கூட்டியே போடும் கணிப்பு தவறி ஒரு கட்டளையைக் கைவிட நேர்ந்தால், வரிசையில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து நிரப்ப வேண்டும். வெப்பமோ தாங்க முடியாத அளவுக்குப் போனது. 2004 நவம்பரில் 3.8 கிகாஹெர்ட்ஸ் வந்தது. அதற்கு முந்தைய மாதமே 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் கைவிட்டிருந்தது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ படிகளை 14 ஆகக் குறைத்தது, கடிகாரத்தையும் குறைத்தது, வேலையில் முந்தியது.

கிகாஹெர்ட்ஸ் என்பது துடிப்பின் எண்ணிக்கை. ஒரு விநாடிக்கு எத்தனை நூறு கோடி துடிப்பு என்று மட்டும் அது சொல்கிறது. கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை கயிற்றை இழுக்கிறோம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு இழுப்புக்கும் வாளியில் எவ்வளவு வருகிறது என்பது இன்னொரு கணக்கு. தொட்டி எவ்வளவு சீக்கிரம் நிறையும் என்பதை இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பெட்டியில் அச்சாவது இழுப்பின் எண்ணிக்கை மட்டும். வாளியின் அளவை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை.

உங்கள் 4590-இன் வாளியையும் 12400-இன் வாளியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உங்களுடையது 2014-இல் வந்தது. ஒரு துடிப்பில் நான்கு கட்டளைகள் வரை பிரித்துப் படிக்கும் அமைப்பு அது. 2022-இல் வந்த 12400-இன் கோர் ஆறு வரை படிக்கும். எந்தக் கட்டளை முன்னால், எது பின்னால் என்று மாற்றி அடுக்கி, காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் இருக்க ஒவ்வொரு கோருக்கும் ஒரு வரிசைப் பலகை உண்டு. உங்களுடையதில் அதில் 192 இடங்கள், புதியதில் 512. அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான நினைவகம்தான் கேஷ். கோருக்கு ஒட்டியே இருக்கும் இரண்டாம் நிலை கேஷ் உங்களுடையதில் 256 கிலோபைட், புதியதில் 1.25 மெகாபைட். எல்லாக் கோர்களும் பகிர்ந்துகொள்ளும் மூன்றாம் நிலை கேஷ் 6 மெகாபைட்டிலிருந்து 18 ஆகியிருக்கிறது.

கேஷை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பிராசசர் தன் நேரத்தைப் பெரும்பாலும் இழப்பது காத்திருப்பதில்தான். 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு கால் நானோ விநாடி. அந்த நேரத்தில் ஒளிகூட ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். ராமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர ஏறத்தாழ 60 முதல் 100 நானோ விநாடி ஆகிறது. அதாவது 240 முதல் 400 துடிப்புகள். தேவையானது கேஷில் இருந்தால் சில துடிப்புகளில், அதிகம் போனால் சில பத்துத் துடிப்புகளில் கைக்கு வந்துவிடும். இல்லையென்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கிகாஹெர்ட்ஸ் அத்தனையும் வெறுமனே துடித்துக்கொண்டிருக்கும். இதற்கு நல்ல சாட்சி ஏஎம்டியின் ஒரு ஜோடி. ரைசன் 7 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதே கோர்களோடு வந்த 5800எக்ஸ்3டி 4.5 வரைதான் போகும், ஆனால் மூன்றாம் நிலை கேஷ் 32-க்குப் பதில் 96 மெகாபைட். விளையாட்டுகள் பலவற்றில் வேகம் குறைந்ததுதான் முந்தியது. வடிவமைப்பு வேலைக்கு அது தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

இனி அந்த 2.5. விவரக்குறிப்பில் அதன் பெயர் அடிப்படை வேகம். வாசகர்கள் அதை ‘இந்தப் பிராசசரின் வேகம்’ என்று படிக்கிறார்கள். தயாரிப்பாளர் அதை ஓர் உத்தரவாதமாக எழுதுகிறார்: எல்லாக் கோர்களும் கடுமையாக வேலை செய்தாலும், 65 வாட்டுக்குள் வைத்திருந்தாலும், நாள் முழுவதும் 2.5-க்குக் கீழே போகாது என்பது அதன் பொருள். உங்கள் 4590-இன் 3.3 என்பது நான்கு கோர்களுக்கு, 84 வாட்டில் தந்த உத்தரவாதம். ஒன்று ஆறு பேருக்குக் குறைந்த மின்சாரத்தில் தந்த வாக்கு, மற்றது நான்கு பேருக்குக் கூடுதல் மின்சாரத்தில் தந்த வாக்கு. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து எது பெரிது என்று கேட்டால் பதில் வராது.

நடைமுறையில் 12400 தன் வாழ்நாளில் 2.5-இல் ஓடும் நேரம் மிகக் குறைவு. ஓரிரு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போது 4.4 வரை போகும். அதுதான் டர்போ, ஏஎம்டியில் பூஸ்ட். ஆறு கோர்களும் முழுச் சுமையில் இருக்கும்போது, போர்டும் கூலரும் இடம் கொடுத்தால், 4.0-ஐ ஒட்டி நிற்கும். அப்போது அது 117 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெலே குறிப்பிடுகிறது. 65 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு மெலிந்த போர்டையும் சின்னக் கூலரையும் வாங்குபவர்கள், சில விநாடிகள் வேகமாக ஓடிவிட்டுப் பிறகு மூச்சு வாங்கும் கணினியைப் பெறுகிறார்கள். டர்போவுக்குப் பக்கத்தில் ‘வரை’ என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். முழு விவரக்குறிப்பிலும் நேர்மையான சொல் அது ஒன்றுதான் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

உங்கள் 4590-க்கும் டர்போ உண்டு, 3.7. ஆக, ஒரே கோரில் ஓடும் வேலைக்கு நீங்கள் ஒப்பிட வேண்டியது 3.7-ஐயும் 4.4-ஐயும். துடிப்பிலேயே புதியது முந்துகிறது, வாளியும் பெரியது. இரண்டும் சேர்ந்தால் ஒரு கோர் வேலையில் புதியது ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல். ஆகவே நீங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

அந்த 28 சதவீதத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது, ஏனென்றால் நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டுப் பெயர் மட்டும் என்னிடம் கேட்கிறீர்கள். உங்கள் பிராசசரில் நான்கு கோர். ஒரு கோர் முழுதாக வேலை செய்து மற்ற மூன்றும் ஓய்ந்திருந்தால் கணக்குப்படி 25 சதவீதம். அப்படியானால் 28 ஏன்? விண்டோஸ் 10-இன் டாஸ்க் மேனேஜர் அடிப்படை வேகமான 3.3-ஐ முழு அளவாக வைத்துக்கொள்கிறது. அந்த ஒரு கோர் டர்போவில் 3.7-இல் ஓடுகிறது. 25-ஐ 3.7-ஆல் பெருக்கி 3.3-ஆல் வகுத்துப் பாருங்கள், 28 வரும். உங்கள் பிடிஎஃப் வேலை ஒரே ஒரு கோரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோர் சோம்பேறியாக இல்லை, முழு வேகத்தில்தான் ஓடுகிறது.

டாஸ்க் மேனேஜரில் ஒவ்வொரு கோருக்கும் தனி வரைபடம் காட்டச் சொல்லிப் பார்த்தால், ஒரு கட்டம் நிரம்பியும் மற்ற மூன்று காலியாகவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது, நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். விண்டோஸ் அந்த ஒரு வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் காரணம். நான்கு நாற்காலிகளில் ஒரே ஆள் மாறி மாறி உட்காருவதை, நான்கு பேர் அரைகுறையாக உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஏமாறக் கூடாது.

எதனால் அந்த வேலையை நான்காகப் பிரிக்க முடியவில்லை? பக்கங்களின் ஓட்டம் ஒன்றையொன்று சார்ந்தது. 37-ஆம் பக்கம் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் 38 எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியும். 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் சுட்டிக்காட்டிய உண்மை இது. பத்து நிமிட வேலையில் பிரிக்கவே முடியாத பகுதி நான்கு நிமிடம் என்றால், ஆயிரம் கோர்கள் போட்டாலும் நான்கு நிமிடத்துக்குக் கீழே வராது. இதை மறந்து ஒரு பதிப்பாளருக்கு நிறையக் கோர்களும் குறைந்த டர்போவும் கொண்ட ஒரு கணினியைப் பரிந்துரைத்து, அவர் ஒரு மாதம் கழித்து ‘பழையதே இதைவிடப் பரவாயில்லை’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்கிறேன்.

இதை வைத்து ஐ7-4790-ஐப் பாருங்கள். உங்கள் போர்டில் பொருந்தும் என்று அவர் சொன்னது சரிதான். பிராசசர் உட்காரும் அதே எல்ஜிஏ 1150 சாக்கெட், அதே தலைமுறை, அதே 84 வாட். ஒரே குடும்பம் என்பதால் வாளியும் ஏறத்தாழ ஒன்றுதான். இங்கே மட்டும் கிகாஹெர்ட்ஸை நேரடியாக ஒப்பிடலாம். அதன் டர்போ 4.0, உங்களுடையது 3.7. வித்தியாசம் எட்டு சதவீதம். உங்கள் ஆறு நிமிடம் ஐந்தரை நிமிடம் ஆகும். அதில் கூடுதலாக இருப்பது எட்டு த்ரெட்டுகள், அதாவது ஒவ்வொரு கோரும் இரண்டு வேலைவரிசைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்று காத்திருக்கும்போது மற்றதைச் செய்வது. ஒரே வரிசையில் ஓடும் உங்கள் பிடிஎஃப் வேலைக்கு அதனால் பயன் இல்லை. அரை நிமிடத்துக்காக இன்னொருவர் பயன்படுத்திய பிராசசரை நான் வாங்க மாட்டேன்.

காலையில் ஆகும் ஏழெட்டு நிமிடத்துக்குப் பிராசசர் குற்றவாளியே அல்ல. நாளைக் காலையில் இயக்கியதும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற வரியைப் பாருங்கள். 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பந்தயமே கட்டலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில், தேவையான இடம் முள்ளுக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று ஆகிறது. அது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். முள் நகரும் நேரம் தனி. அந்த அரைச் சுற்றுக்குள் உங்கள் பிராசசர் ஒன்றரைக் கோடி முறை துடித்துவிடும். ஒரு கோப்பின் ஒரு துண்டுக்கு இத்தனை என்றால், கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான துண்டுகள். இங்கே 12400-ஐ வைத்தாலும் அதுவும் உட்கார்ந்து காத்திருக்கத்தான் போகிறது.

அதனால் முதல் செலவு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டும் முள்ளும் இல்லாத டிஸ்க். உங்கள் போர்டுக்கு 2.5 அங்குல சாட்டா வகை. எச்81 சிப்செட்டில் நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டு மட்டுமே விநாடிக்கு 6 கிகாபிட் வேகம் கொண்டவை, மற்ற இரண்டும் 3. பெரும்பாலான போர்டுகளில் நிறம் வேறுபட்டிருக்கும், இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். தவறான போர்ட்டில் செருகிவிட்டு எஸ்எஸ்டியைத் திட்டாதீர்கள். இந்த எஸ்எஸ்டி நாளை புதிய கணினிக்கும் வரும் என்பதால் காசு வீணாவதில்லை. வேலைக் கோப்புகளுக்கு இன்னொரு பிரதி எடுத்த பிறகே எதையும் தொடுங்கள்.

ராம் விஷயத்தில் எனக்கு இரு மனம். உங்களிடம் இருப்பது ஒரே ஸ்டிக், அதனால் ராமுக்கும் பிராசசருக்கும் நடுவே இருக்கும் இரண்டு பாதைகளில் ஒன்று மூடியே கிடக்கிறது. இன்னொரு 8 ஜிபி போட்டால் இரண்டும் திறக்கும். டிடிஆர்3-1600-க்குப் பாதை ஒன்றுக்கு விநாடிக்கு 12.8 ஜிபி, இரண்டும் சேர்ந்தால் 25.6. ஆனால் டிடிஆர்3 புதிய போர்டில் ஏறாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. ஆறு மாதத்துக்குள் கணினியை மாற்றும் எண்ணம் இருந்தால் வாங்காதீர்கள். மாற்றுவதை ஓரிரு ஆண்டு தள்ளிப்போடுவதானால் வாங்குங்கள். ராமிலும் ஒரு எண் வேடிக்கை உண்டு. 1600 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் டிடிஆர்3-இன் கடிகாரம் உண்மையில் 800 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை தகவல் போவதால் இரட்டிப்பாக்கிச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள், செலவில்லாதது. பிடிஎஃப் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் வேகம் என்ற இடத்தில் என்ன எண் தெரிகிறது? 3.5-க்கும் 3.7-க்கும் நடுவே இருந்தால் நல்லது. 2-ஐ ஒட்டி இறங்கினால், ஒன்று பவர் திட்டத்தில் யாரோ மின்சேமிப்பை வைத்திருக்கிறார்கள், அல்லது பத்து ஆண்டுத் தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் பிராசசரை வேகவைத்து, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உங்கள் 28 சதவீதக் கணக்கு 3.7-உடன் கச்சிதமாகப் பொருந்துவதால் உங்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன். சும்மா இருக்கும்போது 0.8 என்று காட்டினால் பதற வேண்டாம், ஓய்வெடுக்கும்போது அது அப்படித்தான் இறங்கும்.

எஸ்எஸ்டி போட்ட பிறகும் அந்த ஆறு நிமிடம் தொழிலுக்கு இடையூறாக இருந்தால் 12400-க்குப் போங்கள். ஒரு கோர் வேலை என்பதால் ஆறு நிமிடம் நான்கை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வரும். உலாவி, படத் திருத்தம், வடிவமைப்பு என்று மூன்றையும் திறந்து வைத்து வேலை செய்பவர் என்றால் ஆறு கோர்கள் அன்றாடத்தில் இதமாகவும் இருக்கும். மாற்றுவதற்கு வேகம் தவிர இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் கோர் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. உங்களுடையதும் அந்த ஐ7-உம் நான்காம் தலைமுறை.

வாங்கும்போது 12400 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள், அது எண்ணைவிட முக்கியம். 12400எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாது. உங்கள் பட்டியலில் தனி கிராபிக்ஸ் கார்டு எதையும் நீங்கள் சொல்லவில்லை, ஆகவே எஃப் வாங்கினால் திரை கறுப்பாகவே இருக்கும். 12400டி என்றால் 35 வாட்டுக்குள் அடக்கப்பட்டது, அடிப்படை வேகம் 1.8, டர்போ 4.2. சின்னப் பெட்டிக்குள் வைக்கும் கணினிகளுக்கானது. விற்பவர் 13400-ஐக் காட்டினால் அதில் பத்துக் கோர் என்பார். ஆறு பெரிய கோர், நான்கு சிறிய கோர். சிறியவை 3.3 வரைதான் போகும், பின்னணி வேலைகளுக்கானவை. உங்களுக்கு அதில் முக்கியமானது பெரிய கோரின் 4.6 டர்போ மட்டும். 4.4-க்கும் 4.6-க்கும் நடுவே உள்ள வித்தியாசத்துக்கு நான் அதிகம் கொடுக்க மாட்டேன்.

சாக்கெட் பெயரை மட்டும் நம்பி போர்டு வாங்காதீர்கள். எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இரண்டு விதப் போர்டுகள் வந்தன. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாம் தலைமுறைப் பிராசசர் உட்காரும், ஆனால் இயங்காது. 12400-க்கு வேண்டியது எல்ஜிஏ 1700. அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, ஒரே போர்டில் இரண்டையும் மாற்றிப் போட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கு எதுவானாலும் சரி. இந்த முறையாவது ராமை இரண்டு ஸ்டிக்காக வாங்குங்கள். பெட்டியோடு வரும் கூலர் 12400-க்குப் போதும். பெட்டியில்லாமல் விற்கும் பிராசசருடன் கூலர் வராது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு பிராசசர்களையும் பார்க்க நினைத்தால், கிகாஹெர்ட்ஸை ஒப்பிடாமல் சினிபெஞ்ச் போன்ற ஒரு சோதனையின் ஒரு கோர் மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். ஒரே பதிப்பின் மதிப்பெண்களாக இருக்க வேண்டும், ஒரு பதிப்பின் எண்ணை இன்னொரு பதிப்போடு வைத்துப் பார்த்தால் மறுபடியும் 14.4 கதைதான். எல்லாக் கோர்களும் சேர்ந்து வாங்கும் தொகுப்பு மதிப்பெண்ணைப் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். உங்களுக்கு அது இரண்டாம் பட்சம்.

கேபினெட்டை வைத்துக்கொள்ளலாம், ஏடிஎக்ஸ் அல்லது மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவாக இருந்தால். தொழிற்சாலையிலிருந்து முழுக் கணினியாக வந்ததென்றால் திருகு துளைகளும் பவர் சப்ளையின் பிளக்கும் வேறு மாதிரி இருக்கக்கூடும், திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பவர் சப்ளையை மாற்றச் சொல்வேன். வாட் போதாது என்பதற்காக அல்ல, கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்தக் கணினிக்கு அதிகம் தேவையில்லை. பத்து ஆண்டு உழைத்த பவர் சப்ளை சாகும்போது புதிய போர்டையும் கூட அழைத்துப் போகலாம். பிராசசருக்கான மின்இணைப்பு பழையவை சிலவற்றில் 4 பின் மட்டும் இருக்கும், புதிய போர்டுகள் பெரும்பாலும் 8 பின் கேட்கும். பழைய போர்டைக் கழற்றும் முன், கேபினெட்டின் முன்பக்கப் பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் எந்தப் பின்னில் செருகியிருக்கின்றன என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். புதிய போர்டில் அவற்றின் இடம் மாறியிருக்கலாம், ஆனால் எந்த வயர் எதற்கு என்பது அந்தப் படத்தில் இருக்கும்.